கம்யூனிச எதிர்ப்பாளன் என்று எனக்கு ஒரு பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அப்படியே மூடி வைத்ததும் உண்டு. இந்தக் கதையை வாயால் சொன்ன இடத்திலெல்லாம் கேட்டவர்கள் தங்களுக்குத் தோதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். கோயில் கமிட்டியில் சொன்னேன். கடைசியில் அம்மன் ஜெயித்துவிட்டாள் என்று முடித்தார்கள். பழைய சங்கத்துக்காரர் ஒருவரிடம் சொன்னேன். கடைசியில் தொழிலாளி ஒற்றுமை ஜெயித்தது என்று அவர் முடித்துக்கொண்டார். நடந்தது இரண்டும் இல்லை. நான் ஆறாவது வரைதான் படித்தவன். எழுத்தில் போட்டால் இன்னும் என்னென்ன சேர்ப்பார்களோ என்ற பயம்தான் என்னைத் தடுத்தது. இன்றைக்கு அம்மனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். கோயம்புத்தூரில் ஒரு நூற்பு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தேன். அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மில், அதை ஒட்டித் தொழிலாளர் லைன் வீடுகள், லைனுக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். எங்கள் வீடுகளில் கடிகாரம் பார்த்து யாரும் எழுந்ததில்லை. மில் சங்குதான் எழுப்பும், சங்குதான் சாப்பிடச் சொல்லும். ஷிப்ட் விட்டு வருகிறவர்களின் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். இருபது வயதுக்காரனும் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கிழவன் மாதிரி இருப்பான். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிப் பஞ்சை உதறிவிடுவோம். இன்றைக்கு மில் இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட் நிற்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது இப்போதும் என் கை தானாகச் சட்டையை உதறுகிறது.

என் மனைவியின் அண்ணனும் அதே மில்தான், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் வேலை. செங்கொடிச் சங்கத்தின் கிளைச் செயலாளர். சாமி கும்பிட மாட்டார். நான் திருநீறு இல்லாமல் வாசல் தாண்ட மாட்டேன். அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் சங்கடம் வந்ததில்லை. காலை ஷிப்டுக்கு ஒன்றாகத்தான் நடப்போம். நான் கோயில் முன்னால் செருப்பைக் கழற்றினால் அவர் ரோட்டோரம் நின்று பீடி பற்ற வைப்பார்.

"வெரசா வாங்க மாப்பிள்ளை. சங்கு ஊதிப்போட்டா உங்க அம்மன் வந்து கேட்டைத் தொறந்துவிட மாட்டா."

"உங்களுக்கும் சேத்துத்தானுங்க மச்சான் கேட்டுட்டு வாரேன்."

"எனக்குப் போனஸ் மட்டும் கேளுங்க. மத்ததெல்லாம் நானே பாத்துக்கறேன்."

அவருக்குப் போனஸ் வாங்கித் தரும்படி நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டதுண்டு. அது கிடைத்த வருடம், யாரால் கிடைத்தது என்று இரண்டு பேரும் தீபாவளி வரை வாதாடினோம்.

அந்த வருடம் மாசியில் என் மகளுக்கு அம்மை கண்டது. பன்னிரண்டு வயது, ஒரே பெண். உடம்பெல்லாம் முத்து, மூன்று நாள் கண் திறக்கவில்லை. பிள்ளை எழுந்தால் பங்குனித் திருவிழாவில் பூவோடு எடுக்கிறேன் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். மண்சட்டியில் நெருப்பை ஏந்தி வெறுங்கையால் கோயிலைச் சுற்றி வருவதைத்தான் பூவோடு என்போம். அந்த நாட்களில் தினமும் வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து பிள்ளையின் பாயில் பரப்பியது யார் என்றால், சாமி இல்லை என்கிற என் மச்சான்தான். "இது மருந்துங்க மாப்பிள்ளை, கும்புடறதுக்கு இல்லை" என்று சொல்லிக்கொண்டே பரப்புவார். பிள்ளை எழுந்துவிட்டாள்.

பங்குனியில் திருவிழா தொடங்கிக் கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். நான் காப்புக் கட்டிக்கொண்டேன். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை ஒருபொழுதுதான் சாப்பிட வேண்டும், ஊர் எல்லைக்கு வெளியே ஓர் இரவும் தங்கக் கூடாது, நடுவில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் நேர்ந்தது செல்லாது.

அதே வாரம் மில்லில் ஸ்ட்ரைக். பதிலி ஆட்களையெல்லாம் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். பதிலி என்றால் நிரந்தரமில்லாத ஆட்கள். யாராவது லீவு போட்டால்தான் அவர்களுக்கு வேலை. ஸ்ட்ரைக்கில் நானும்தான் இருந்தேன். வேலைக்கென்று ஒரு நாளும் கேட்டுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் கலெக்டர் ஆபீஸ் முன்னால் மறியல், கைதாக ஆள் வேண்டும் என்று சங்கம் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. மச்சான் வீட்டுக்கு வந்தார்.

"உங்க பேரை மொதல்லயே எழுதிப்போட்டனுங்க மாப்பிள்ளை. காலையில லாரி வந்துரும்."

நான் கையைக் காட்டினேன்.

"அட, மஞ்சக் கயிறுதானுங்களே. அவுத்து ஆணியில மாட்டிட்டு வாங்க. சாயங்காலம் வந்து கட்டிக்குவீங்களாமா."

"அவுத்தா அவ்வளவுதானுங்க மச்சான். உங்க மருமகளுக்காகக் கட்டினதுங்க."

"பதிலிக்காரங்க ஊட்டுல புள்ளைக சோறில்லாமக் கெடக்குதுங்க. அதுக்கு எந்தக் கயிறுங்க கட்டறது?"

உள்ளே இருந்து என் மனைவி கேட்டாள். "ஏண்ணா, சாயங்காலம் கண்டிப்பா உட்டுருவாங்களா?"

"உட்டுருவாங்க அம்மணி."

"உடலீன்னா?"

மச்சான் எழுந்துவிட்டார். காபி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை லாரி போன பிறகு கேட் பக்கம் போனேன். சங்கத்தின் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: மறியலுக்கு வராத கம்யூனிச எதிர்ப்பாளன். கீழே என் பெயர், மில்லில் எனக்குக் கொடுத்த டிக்கெட் நம்பர். மச்சானின் கையெழுத்து எனக்குத் தெரியும், லாரியில் ஏறும் முன் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு மொய் எழுதியவரே அவர்தான். அன்றைக்கு லாரியில் ஏறாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர். பலகையில் என் பெயர் மட்டும்தான்.

கருங்காலி என்று எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அது எல்லோருக்கும் தெரிந்த சொல். ஸ்ட்ரைக் சமயத்தில் திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறவனைச் சொல்வது. நான் போகவில்லை என்பதால் அதை எழுத முடியாது. ருஷ்யா உடைந்த சமயம் அது. பேப்பரைப் பிரித்தால் தினமும் கம்யூனிச எதிர்ப்பாளர் என்று யாராவது ஒருவரைப் போடுவார்கள். அங்கிருந்து எடுத்து என் தலையில் வைத்துவிட்டார்.

டீக்கடையில் அன்றைக்கு இதுதான் பேச்சு.

"அதென்னங்க அது எதிர்ப்பாளன்? கட்சியில பெரிய பதவிங்களா?"

"ருஷ்யாக்காரங்களையல்லங்க அப்படிப் போடுவான். நம்ம பத்தாம் நம்பர் ஊட்டுக்காரரு எப்பங்க ருஷ்யாவுக்குப் போயிட்டு வந்தாரு?"

"காப்புக் கட்டினவரு எப்படிங்க போவாரு? எல்லை தாண்டக் கூடாதல்ல."

எங்கள் ஊரில் கேலி செய்தாலும் ங்க போட்டுத்தான் செய்வார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபோது என் மனைவிக்கு விஷயம் முன்னமே வந்துவிட்டிருந்தது. அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க எப்பங்க அவங்களை எதிர்த்தீங்க?"

நான் வாசகசாலைக்குப் போனேன். அங்கே பேப்பர்களை அடுக்கி வைக்கும் ரிட்டையர்ட் வாத்தியாரிடம் அந்தச் சொல்லைச் சொல்லி, சரியான அர்த்தம் என்னவென்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அர்த்தம் லேசானதுதானுங்க. கம்யூனிசம் வரவே கூடாதுன்னு அதுக்கு எதிரா வேலை செய்யறவரு. பிடிக்காம ஒதுங்கி நிக்கறவரு வேற, ஒரு நாள் வர முடியாதவரு வேற. ஆனா எழுதறவங்க அதெல்லாம் பிரிச்சா எழுதறாங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "உங்களைச் சொன்னது யாருங்க?" என்று கேட்டார். மச்சான் என்று சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

லாரியில் போனவர்களைச் சாயங்காலம் விடவில்லை. ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். போயிருந்தால் என் நேர்த்தி கெட்டிருக்கும் என்று ஒரு பக்கம் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து இன்னொரு பக்கம் கூச்சம்.

நான்காம் நாள் மில்லின் லேபர் ஆபீசர் ஆள் விட்டார். ஸ்ட்ரைக் நேரத்தில் கூப்பிட்டால் போகக் கூடாது. போனேன். இத்தனை வருடத்தில் அந்த ரூமில் அன்றைக்குத்தான் எனக்கு நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. ஒருபொழுது என்று சொல்லி வேண்டாம் என்றேன். உடனே பால் வரவழைத்தார்.

"போர்டுல பாத்தனுங்க. கம்யூனிச எதிர்ப்பாளர்னு எழுதியிருக்காங்க. அதுல என்னங்க அவமானம்? பெருமையில்லீங்களா? உங்களை மாதிரி பக்திமானுங்கதான் மில்லுக்கு வேணும். மேஸ்திரி இடம் ஒண்ணு காலியாத்தான் இருக்கு."

கேட்டில் வசவாக இருந்த சொல் இங்கே பாலோடு வந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். நான் மேஸ்திரி வேலைக்காக எழுதவில்லை. அப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் அம்மன் சாட்சியாக அது நிஜம். நாலு நாளாக மனதில் ஒன்று கனன்றுகொண்டிருந்தது. அப்படித்தானே பேர் வைத்தாய், அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்ற வீம்பு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் கம்யூனிச எதிர்ப்பாளன். இந்த ஸ்ட்ரைக்கில் எனக்குச் சம்மதம் இல்லை. காப்புக் கட்டின கையால் இரண்டு பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இத்தனை வருடம் நான் எழுதத் தயங்கியதற்கு இந்த இடமும் ஒரு காரணம்.

மறுநாள் மில் நிர்வாகத்து ஆட்கள் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். செயலாளரின் மாப்பிள்ளையே எழுதிவிட்டார், உங்களுக்கென்ன என்று கேட்டிருக்கிறார்கள். சிலர் எழுதிக் கொடுத்தார்கள். மச்சான் ஜெயிலிலிருந்து வருவதற்குள் ஸ்ட்ரைக் பலமிழந்துவிட்டது. ஏதோ ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பதிலி ஆட்களில் பாதிப் பேருக்குத் திரும்ப வேலை கிடைக்கவில்லை. மேஸ்திரி இடம் வேறொருவருக்குப் போனது. லேபர் ஆபீசர் அதன்பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்ததுகூட இல்லை.

திருவிழாவில் பூவோடு எடுத்தேன். கை சுடவில்லை, அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்றார்கள். நான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது எனக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் மச்சான் எனக்கு முந்திய சங்குக்கே கிளம்பிவிடுவார். தீபாவளிக்கு என் மனைவி பிறந்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பவில்லை, அங்கிருந்தும் வரவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு. அங்கே அப்பளம் பொரித்தால் இங்கே வாசம் வரும்.

தீபாவளி முடிந்த வாரம் மகள் பெரியவளானாள். எங்கள் பக்கம் இதற்குத் தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது. பச்சை ஓலையில் குடிசை கட்டுவது அவர், முதல் சேலை அவர் கொடுப்பது, முதல் மாலை அவர் கையால் விழ வேண்டும். பெரியவர்கள் வந்து பேசினார்கள். பல்லடத்தில் என் மனைவிக்குப் பெரியப்பா மகன் இருக்கிறார், அவரும் மாமன் முறைதானே, அவரை வைத்துச் சீரை முடித்துவிடலாம் என்றார்கள். நானும் சரி என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"கூடப் பொறந்தவன் ரண்டு தெரு தள்ளிக் குத்தவெச்சிருக்கையில வேற ஆளு மாலை எம்புள்ளை கழுத்துல உழுகாதுங்க. அவன் வரலீன்னா சீரே வேண்டாம்."

பெரியவர்கள் எழுந்து போன பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். "எழுதினது நீங்க. நீங்கதான் போகோணும்."

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போனேன். மச்சான் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "வாங்க" என்றார். சண்டையில் இருந்தாலும் வாங்க என்று சொல்லாமல் இருக்க எங்கள் ஆட்களுக்கு வராது.

"மருமக பெரியவளாயிட்டாளுங்க மச்சான்."

"தெரியுமுங்க."

தண்ணீரில் டியூப்பை அமுக்கினார். குமிழி வந்தது.

"நான் எழுதினது தப்புங்க. கோவத்துல எழுதிப்போட்டேன். நீங்க போர்டுல எழுதினீங்கன்னு..."

"நீங்க எதிர்க்கறீங்களா இல்லையாங்க? அதைச் சொல்லுங்க. எங்கிட்ட ஒளிக்க வேண்டாம்."

நான் யோசித்துத்தான் சொன்னேன். "நீங்க சாமி இல்லீங்கறதை நான் சாகற வரைக்கும் ஒத்துக்க மாட்டனுங்க. மத்தபடி எட்டு மணி நேர வேலையும் லீவும் நீங்கெல்லாம் கொடி புடிச்சு வந்ததுங்க. அதுலதான் என்ற குடும்பமே உக்காந்து சாப்பிடுது. அதுல நான் எதைங்க எதிர்க்கறது?"

மச்சான் டியூப்பைத் துடைத்தார். பிறகு சொன்னார். "இதை எங்கிட்டச் சொல்ல வேண்டாங்க. வேலை போன பதிலிப் பசங்க நாளைக்குக் கேட் கூட்டத்துக்கு வாரானுங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க. சீருக்கு வாரதைப் பத்தி அப்பறம் பாப்போம்."

மறுநாள் ஷிப்ட் விட்டு, பஞ்சுத் தலையோடு கூட்டத்தின் முன்னால் நின்றேன். மைக் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுதிக் கொடுத்தது நான்தான், அது பொய், ஸ்ட்ரைக்கில் எனக்குச் சம்மதம் இருந்தது, காப்புக் கட்டியிருந்ததால் மறியலுக்கு மட்டும் வரவில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது. பதிலிப் பையன் ஒருவன் எழுந்தான்.

"நீங்க இப்பச் சொல்லிப்போட்டீங்க. எங்க வேலை வந்துருமுங்களா?"

இன்றுவரை அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் கிடையாது. அவன் போய்விட்டான். அப்போது மச்சான் எழுந்து மைக்கை வாங்கினார். "போர்டுல எழுதினது நானுங்க. செயலாளரு தன்ற மாப்பிள்ளையை உட்டுட்டாருன்னு ஒருத்தரும் சொல்லிறக்கூடாதுன்னு எழுதினேன். வராதவங்க நெறையப் பேரு. இவரு பேரை மட்டும் எழுதினது என்ற தப்புங்க. அவரு எதிர்ப்பாளரு இல்லீங்க. அவரு ஒரு சம்சாரி, சாமி கும்புடறவரு. அதுக்கு வேற பேரு வெக்க வேண்டியதில்லை."

சீர் அன்று காலை அவர் வந்தார். பின்னால் தட்டுத் தூக்கி வந்தவர்களில் பாதிப் பேர் சங்கத்து ஆட்கள், தோளில் சிவப்புத் துண்டு. எங்கள் சொந்தத்துப் பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள்.

"என்னக்கா இது, மாமன் சீரா, மாநாட்டு ஊர்வலமா?"

"பேசாம இரு. தட்டுல பூவும் பழமுந்தான இருக்குது."

ஓலையைத் தானே முடைந்து குடிசை கட்டினார். சீரை நடத்திவைத்த அருமைக்காரர் அருகம்புல் செருகிய பிள்ளையார் முன்னால் தட்டில் தேங்காயை வைத்து, "மாமன் கும்புட்டுப்போட்டுக் காய் உடைங்க" என்று கூப்பிட்டார். மச்சான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். தங்கச்சிக்காகச் செய்துவிடலாம் என்று ஒரு பக்கம், அவருடைய ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு பக்கம். காப்பை அவிழ்க்கச் சொன்ன அன்று நான் எப்படி நின்றேனோ அப்படி நின்றார்.

"அவரு வேண்டாமுங்க. காய் நான் உடைக்கறேன்" என்றேன்.

அருமைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "முறையை மாத்தறீங்களா? தகப்பன் உடைக்கற காயில்லீங்க இது."

"எனக்கும் தெரியுமுங்க. பாவமிருந்தா எனக்கு வரட்டுமுங்க" என்று சொல்லிக் காயை எடுத்தேன். உடைத்தால் தண்ணீர் சிந்துமே என்று பார்த்தேன். மச்சான் குனிந்து தட்டை எடுத்து இரண்டு கையாலும் கீழே ஏந்திக்கொண்டார். "உடைங்க மாப்பிள்ளை" என்றார். உடைத்தேன். இரண்டு மூடியும் அவர் தட்டில் விழுந்தன. அப்புறம் அவர் போய் மருமகளுக்கு மாலை போட்டார். என் மனைவி அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள். முகூர்த்த நேரத்தில் அழக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் கும்பிடவில்லை. நான் கட்சியில் சேரவில்லை. பதிலிப் பையன்களுக்கு வேலை திரும்பவில்லை. சில வருடங்களில் மில்லே மூடிவிட்டது. பேப்பரில் இப்போதும் எப்போதாவது யாரையாவது அந்தச் சொல்லால் சொல்வார்கள். அவர் நிஜமாகவே எதிர்த்தாரா, அல்லது ஒரு நாள் வர முடியாமல் போனவரா என்று அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே படிக்கிறேன்.

இதைப் படித்தவர்கள் வேறு யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். காய் உடைத்தது நான், தட்டு ஏந்தியது அவர் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் மனம் மாறினார் என்றோ நான் மனம் மாறினேன் என்றோ சேர்த்துவிடாதீர்கள். எங்கள் இருவர் பேரிலும் புதிதாக ஒரு சொல்லையும் ஏற்றி வைக்காதீர்கள். அம்மன் பேரால் கேட்டுக்கொள்கிறேன்.